பாக்கலாம் என்றால் முடியாது

“ஒரு வார்த்தைய வச்சிக்கினு இன்னாம்மா கேஸு நடத்தப் போற?” என்று புளி வியாபாரி என்னிடம் கேட்டார். அதில் கிண்டல்கூட இல்லை. உண்மையிலேயே சந்தேகம்.

அந்த வார்த்தை அப்பா சொன்னது. தை மாதம் வியாபாரி மலைக்குக் கீழிருந்து ஜீப்பில் வந்து, எங்கள் புளிய மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காயோடு குத்தகைக்குக் கேட்டார். அவர் சொன்ன விலை அநியாயம். அப்பா, “பாக்கலாங்க” என்றார். வியாபாரி ஒரு மிட்டாய்ப் பெட்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

புதூர்நாட்டுப் பக்கம், வீடு தேடி வந்தவரிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பாக்கலாம் என்போம். முடியாது என்றுதான் அதற்குப் பொருள். சட்டம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோதும் அப்பா அதையேதான் சொன்னார். மறுப்பு என்று தெரிந்துதான் விண்ணப்பித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்.

பங்குனியில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலையில், வியாபாரியின் ஆட்கள் மரங்களை உலுக்கி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் புளிதான் என் கடைசி வருடப் படிப்பு.

ஊர்க்கூட்டத்தில் வியாபாரி அந்த மிட்டாயை அச்சாரம் என்றார். விருந்தாளி கொண்டுவந்த பலகாரம் என்று நாங்கள் தின்று முடித்திருந்தோம். பாக்கலாம் என்று சொன்னாயா என்று ஊர்ப் பெரியவர் அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்குப் பொய் வராது.

“சொன்னங்க.”

நான் எழுந்தேன். ஒருவர் கேட்டால் மட்டும் ஒப்பந்தம் ஆகாது, மற்றவர் அதைத் தெளிவாக ஏற்க வேண்டும் என்றேன். கொடுப்பதும் வாங்குவதும் பேரத்துக்காக என்று இருவர் மனதிலும் இருக்க வேண்டும் என்றேன்.

“பாடம் நடத்தாத, உக்காரு,” என்றார் பெரியவர். சிலர் சிரித்தார்கள். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். ஆனால் அவர்களுடைய மூட்டைகளும் அதே ஜீப்பில்தான் இறங்குகின்றன. வியாபாரி வைத்த விலையே தீர்ப்பானது. சட்டம் தெரியாதவர்களிடம் தோற்றிருந்தால் இவ்வளவு கசந்திருக்காது. சொந்தப் பேச்சே புரியாததுபோல் நடித்தவர்களிடம் தோற்றேன்.

போன வருடம் அந்தப் பெரியவர் மகனுக்குப் பெண் கேட்டுப் போனார். பெண் வீட்டார் பாக்கலாம் என்றார்கள். அவர் பந்தக்கால் நடவில்லை. அடுத்த வாரமே வேறு வீட்டில் போய்க் கேட்டார்.

திருப்பத்தூரில் இலவச சட்ட உதவி வக்கீலைப் பார்த்தேன். வழக்குக்குக் கையெழுத்து கேட்டபோது அப்பா வழக்கம்போல், “பாக்கலாம்மா” என்றார்.

“இந்த ஒரு தடவ போடுவியா, மாட்டியான்னு சொல்லுப்பா.”

அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார். “போடறேன்.”

வழக்குப் போட்டாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு எங்கள் மலையில் என்ன பொருள் என்று கூண்டில் ஏறிச் சொல்ல, முதல் சாட்சியாக ஊர்ப் பெரியவரைத்தான் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.