பவுனம்மாள் எல்லாரையும் மன்னித்துவிட்டாள்

சுங்கை வே வட்டாரத்தில் அந்த ஏழு மாடிக் குடியிருப்பில் எலிசபெத் பவுனம்மாள் மன்னிக்காத ஆளே கிடையாது. நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சிவனே என்று லிஃப்டுக்குக் காத்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் வந்து நின்று, "போன வாரம் என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போனீங்கல்ல, அத நான் மன்னிச்சிட்டேன்" என்பாள். போன வாரம் நீங்கள் ஊரிலேயே இருந்திருக்க மாட்டீர்கள். அதற்கெல்லாம் அவளிடம் மேல்முறையீடு கிடையாது.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து வளர்ந்த வாய் அது. அந்த வாய்க்குப் பயந்து பெண்கள் கழிவறைக்குள் ஒளிந்த காலம் உண்டு. பிறகு ஒருநாள் ஏசுவை ஏற்றுக்கொண்டாள், ஏசுவதை விட்டாள். விட்ட கையோடு மன்னிக்க ஆரம்பித்தாள். ஐந்தாம் மாடித் தம்புசாமிக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. "ஏசுனா திருப்பி ஏசலாம் லா. மன்னிச்சா என்னா செய்யிறது?" என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து காணாமல் போனது. முத்து வைத்த ஷூ, பினாங்கிலிருந்து மகள் வாங்கி அனுப்பியது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் மட்டும் போடுவது. மூன்றாம் மாடியில் அவள் வீட்டு வாசல் அலமாரியில் மற்றதெல்லாம் இருக்க, அது மட்டும் இல்லை. லிஃப்டு கெட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆறாம் மாடி ரமணி அந்தப் படியில்தான் ஏறி இறங்குவாள். நாலைந்து வீடுகளில் கூட்டித் துடைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவள். முந்தின நாள் அவள் அந்த அலமாரிப் பக்கம் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பவுனம்மாள் கண்ணால் பார்த்திருந்தாள். போதாதா?

கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எண்பது வீடு. அதில் எழுதினாள்: "ஆறாம் மாடி ரமணி என் வெள்ளைச் சப்பாத்தை எடுத்துக்கொண்டதைக் கர்த்தருடைய நாமத்தில் மன்னித்துவிட்டேன். அவளுக்காக ஜெபியுங்கள்."

ரமணி பதறிப்போய், "நான் எடுக்கல ஆன்டி" என்று எழுதினாள்.

"பொய் சொல்வதையும் மன்னித்துவிட்டேன்" என்று பதில் போனது.

அந்த வாரமே இரண்டாம் மாடிக்காரி, "மக லீவுல வந்திருக்கா, அவளே கூட்டிக்கிறா" என்று ரமணியை நிறுத்தினாள். நாலாம் மாடியில் கதவையே திறக்கவில்லை. ஏழாம் மாடியில் திறந்தார்கள். ஆனால் அவள் துடைக்கிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்து நின்றார்கள். அந்த வீட்டை ரமணியே விட்டுவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஆராதனை முடிந்தது. கூட்டங்களுக்கு அவளைக் காரில் ஏற்றி இறக்கும் சபைக்காரர் சுகுமாறன், காரின் பின்பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார்.

"சிஸ்டர், இது ரெண்டு வாரமா பூட்லயே கெடக்கு. கிள்ளான்ல உபவாச ஜெபத்தன்னிக்கு மழ. சப்பாத்து நனஞ்சிரும்னு நீங்கதான உள்ள வெக்கச் சொன்னீங்க? சிலிப்பர் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனீங்களே."

பவுனம்மாள் பையைப் பிரித்தாள், அதே வெள்ளைச் சப்பாத்து. சாத்தான்தான் கொண்டுவந்து வைத்திருப்பானோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். சாத்தானுக்கு வேறு வேலை இல்லையா, சுகுமாறன் காரில் சப்பாத்து வைக்க?

மறுநாள் ஒரு தூக்கு நிறைய அரிசிச் சேமியா மீஹூன் பிரட்டிக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போனாள். "சப்பாத்து கெடச்சிருச்சி ரமணி, ஸ்தோத்திரம். வா, ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுவோம்."

ரமணி இரும்புக் கதவைத் திறக்காமலே கேட்டாள். "எங்க கெடச்சிச்சி?"

"கார்ல."

"அப்ப அத குருப்புல போடுங்க ஆன்டி. எம்பேர எங்க போட்டீங்களோ அங்கயே போடுங்க. எனக்கு மீஹூன் வேணாம், நான் திருடலன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

உள்கதவு மூடிக்கொண்டது. பவுனம்மாள் வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், கண்ணை இடுக்கிக்கொண்டு தட்டினாள். "ரமணி, சப்பாத்து கிடைத்துவிட்டது" வரை வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு "மன்னி" என்று தட்டியதும், மீதியைப் போனே எடுத்துக் கொடுத்தது. பத்து வருஷமாக அவளிடம் பழகிய போன், அதற்குத் தெரிந்தது ஒரே சொல்தான். அமுக்கி அனுப்பிவிட்டாள்.

"ரமணி, சப்பாத்து கிடைத்துவிட்டது. மன்னித்துவிட்டேன்."

தம்புசாமி முதல் ஆளாக வந்தார். "திருப்பிக் குடுத்துட்டாங்களா? நல்லது லா." அப்புறம் பதினாலு கட்டைவிரல், மூன்று ஆமென். ஒருத்தி, "ஆன்டிக்குத் தங்க மனசு" என்று வேறு எழுதியிருந்தாள். கண்ணாடி கிடைத்துப் படித்தபோது பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அழித்தாள். எண்பது வீடும் படித்த பிறகு அழித்து என்ன பிரயோசனம்? ஆறாம் மாடியிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. ரமணி குழுவை விட்டு வெளியேறியிருந்தாள்.

அன்று சாயங்காலம் முழங்கால் போட்டாள். பரமண்டல ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கிற வரி வந்ததும் நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் அந்த வரியை வேகமாகத் தாண்டியிருக்கிறாள். தனக்கென்று எதையும் கேட்டதே இல்லை. ஊரார் பாவத்தைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவாள். தொழிற்சாலையில் வயிற்றுப்பிள்ளைக்காரியை நிற்கவைத்து ஏசியது ஞாபகம் வந்தது. செத்த மாமியாரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்காதது ஞாபகம் வந்தது. எல்லாம் கர்த்தருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அதை எந்தக் குழுவிலும் போடவில்லை. எண்பது வீட்டுக்குச் சொல்லி ஜெபிக்கச் சொல்லவில்லை. சத்தமில்லாமல் மன்னித்துவிட்டு, சோறும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ ஆண்டவரே, இவ்ளோ வெக்கமில்லாம இருந்திருக்கேனே!" என்று வாய்விட்டே கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

சனிக்கிழமை காலையில் சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். லிஃப்டு அப்போதும் கெட்டுத்தான் கிடந்தது. கீழ்மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "ரமணி எடுக்கல. நாந்தான் மறந்துபுட்டு அவமேல பழி போட்டேன். தப்பு எம்மேல." சிலர் பாவம் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். இரண்டாம் மாடிக்காரி, "மக நாளைக்கே போறா, ரமணிய வரச் சொல்லுங்க" என்று தலையைச் சொறிந்தாள். தம்புசாமி கதவைத் திறந்தவுடனே, "நான் ஒண்ணும் பண்ணல!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கும் சொன்னாள். ஏழாம் மாடி வரை போய்விட்டு, முழங்கால் வீங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறாம் மாடிக்கு இறங்கினாள்.

ரமணி இரும்புக் கதவைத் திறந்தாள். பவுனம்மாள் வாயைத் திறந்தாள். "ரமணி, நான் ஒன்ன மன்னிச்சிட்..." என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "இல்லம்மா. நீ என்ன மன்னிச்சிரு. தப்பு என்னோடது."

"மன்னிக்க மனசு வரல ஆன்டி. இன்னும் வயிறு எரியுது."

"வர வேணாம்மா. நான் கேக்கத்தான் வந்தேன்."

ரமணி அவளுடைய வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். "உள்ள வந்து உக்காருங்க. தைலம் இருக்கு."

பவுனம்மாள் குனிந்து, கையிலிருந்த பையை வாசல் ஓரமாக வைத்தாள்.

"அத உள்ள கொண்டாங்க ஆன்டி" என்றாள் ரமணி. "வெளிய வெச்சா எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவான்."

சிரிக்காமல்தான் சொன்னாள். பவுனம்மாள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, யாரையும் மன்னிக்காமல், வெகுநேரம் அழுதாள்.