நம்பர் தெரிந்தவர்களுக்கு மட்டும்

போன திங்கட்கிழமை, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் முப்பது வருட சர்வீஸை ஒரே கேள்வியில் காலி செய்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே நூலகம் பார்க்கும் முத்துச்செல்வி டீச்சர், இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற புண்ணியவதிகளில் ஒருவர். மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்கே வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

பள்ளியின் தாளாளர், நூலக அறையைத் தடுத்து ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கப் போகிறாராம். புத்தகங்களை மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாமாம். இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். டீச்சர் விடவில்லை. நூலகத்தில் ஒரு டிஜிட்டல் களஞ்சியம் ஆரம்பிக்கிறேன், பிள்ளைகள் தேடித் தேடிப் படிப்பதை நீங்களே வந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று அவகாசம் வாங்கி வந்திருக்கிறார். கெடு... போன வெள்ளிக்கிழமை.

"நீங்க ஹார்பர் பக்கம் டாக்குமென்ட் வேலை பாத்தவங்கல்லா அண்ணாச்சி. பேப்பரை ஒழுங்குபடுத்த உங்கள விட்டா வேற யாரு இருக்கா?"

இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை தயாரிப்பார்கள். கதை, கவிதை, கட்டுரை, படம் — எல்லாம் கையாலேயே. ஒரே ஒரு பிரதிதான். நாற்பது வருடத்துப் பத்திரிகைகள் பீரோவில் கிடந்தன. முதலில் இவற்றை ஸ்கேன் செய்வோம் என்று டீச்சர் முடிவு செய்தார்.

நம் ஊர் உப்புக்காற்றில் குண்டூசியெல்லாம் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கிடந்தது. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, தாளை நீவிவிட்டு, டீச்சர் ஸ்கேனரில் வைப்பார். நான் பட்டனை அமுக்குவேன். நடுவில் டீ. ரிடையர் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஃபைலுக்குப் பெயர் வைக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பீரோவில் மூன்றாவது தட்டு, பதினான்காவது கட்டு, ஒன்பதாவது பக்கம் என்றால் — 03-14-09. எவ்வளவு அழகு! டீச்சர் ஒரு நாள் தயங்கித் தயங்கி, தலைப்பையும் எழுதிய பிள்ளையின் பெயரையும் போட வேண்டாமா என்று கேட்டார். நான் லேசாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.) ஹார்பரில் கன்டெய்னருக்குள்ளே உப்பா, முந்திரியா என்று கிரேன்காரர் கேட்கிறாரா? நம்பரைப் பார்க்கிறார், தூக்குகிறார். நம்பர் சரியாக இருந்தால் பெட்டி கொழும்பு போய்ச் சேர்ந்துவிடும் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். பாவம், கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை வெள்ளோட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். ஏஞ்சல் என்ற பெண் முதலில் உட்கார்ந்தாள். 'பேய்க்கதை' என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. 'சமையல்' — இல்லை. 'முத்துக்குளிப்பு' — இல்லை. அதைப் பற்றி மட்டும் ஏழெட்டுக் கட்டுரைகள் இருப்பதாக டீச்சருக்குத் தெரியும். ஆனால் பழைய கையெழுத்தைப் படிக்க எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம் வைத்த பெயரைத்தான் அது தேடும். நாம் வைத்தது? நம்பர்.

ஏஞ்சல் என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, இதுல நம்பர் தெரிஞ்சவங்க மட்டுந்தான் படிக்கணுமா?"

தாத்தா என்றதைக் கூட மன்னித்துவிடலாம். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. டீச்சர் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். அறுநூறு ஃபைல், கையில் நாலே நாள். எனக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

நாங்களே படித்துப் பார்த்துப் பெயர் வைக்கட்டுமா என்று கேட்டதும் ஏஞ்சல்தான். டீச்சர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மதிய இடைவேளை, விளையாட்டு பீரியட், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் என்று ஏழாம் வகுப்பே நூலகத்தில் குடியேறியது. ஒருத்தி வாசிப்பாள், நாலு பேர் சிரிப்பார்கள், ஒருத்தி டைப் அடிப்பாள்.

எழுதியவர் பெயர், தலைப்பு — இரண்டோடு நிறுத்தினார்களா? 'சிரிப்புக் கதை, ஆனா கடைசியில நாய் செத்துரும்.' 'முத்தெடுக்கப் போய் வெறும் சிப்பியோட வந்த அப்பா.' 'பேய்க்கதை, பயமே இல்ல.' வருடம் தவறாமல் பாஞ்சாலங்குறிச்சி டூர் கட்டுரை வேறு. நான் ஒன்றிரண்டைத் திருத்தப் போனேன். டீச்சர் என் கையைத் தள்ளிவிட்டார். நியாயம்தானே?

வெள்ளிக்கிழமை தாளாளர் வந்தார். டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். அதிகம் பேசமாட்டார். கூட்டத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். தன் மனைவியும் இதே பள்ளியில் படித்தவர்தான் என்றும், பெயர் சண்முகவடிவு என்றும் சொல்லி, ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார்.

ஏஞ்சல் அடித்தாள். ஒரே ஒரு பதில் வந்தது.

'பாஞ்சாலங்குறிச்சி டூர். எட்டாம் வகுப்பு லூர்து எழுதியது. சண்முகவடிவு அக்காவுக்கு பஸ்ஸில் நாலு தடவை வாந்தி.'

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி முக்கால் மணி நேரம் கூட இல்லை. அதற்குள் நாலு தடவை!

தாளாளர் கட்டுரையைத் திறந்து முழுதும் படித்தார். தோள் குலுங்கியது. முதலில் கோபம் என்றே நினைத்தேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

கால் மணி நேரத்தில் அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். லூர்துவின் கையெழுத்தை ஸ்கிரீனிலேயே தடவிப் பார்த்தார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். கல்யாணமாகிப் போன லூர்துவை அப்புறம் அவர் பார்க்கவே இல்லையாம். பிறகு ஏஞ்சலைக் கூப்பிட்டார்.

"ஏளா, மூணு தடவதான். அவ கூட்டி எழுதியிருக்கா."

அப்புறம் அலமாரிகளைப் பார்த்துவிட்டு, தாளாளர் பக்கம் திரும்பினார். "இந்த ரூமையா தடுக்கப் போறீங்க?"

"தடுக்கப் போறேன்னு யாரு சொன்னா?" என்றார் தாளாளர்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்மார்ட் கிளாஸ் இப்போது தாளாளரின் மீட்டிங் ஹாலுக்குப் போகிறது. ஏஞ்சல் அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'மூணு தடவைதான் என்று சண்முகவடிவு அக்கா சொல்கிறார்.'

லூர்து அக்கா, இதைப் படித்தால் ஒரு நடை வந்து வழக்கைத் தீர்த்துவையுங்கள்... நூலகம் அதே அறையில்தான் இருக்கிறது.