கடலில் விழுந்ததை நான் சொல்லவில்லை

நான் பொய்யாக ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு உண்மையாகப் பதில் சொன்ன மனிதரின் பெயரைக் கெடுத்தேன். இதுதான் என் குற்றம். இதை மென்மையான சொற்களில் எழுதிப் பார்த்ததுண்டு... முடியவில்லை.

படகு எஞ்சின்களைப் பற்றி எங்கள் கரையோரத்து ஆட்கள் கேட்டுத் தெளியும் இணையக் குழு ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவன் நான். “எஞ்சின் வேலை செய்யுதில்லை, உதவி” என்று மொட்டையாகக் கேட்பவர்களை நான் சும்மா விட்டதில்லை. என்ன எஞ்சின், எத்தனை வருடப் பழசு, பழுதாகுமுன் கடைசியாக என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்... எதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று குழுவின் முகப்பில் விதி எழுதி வைத்தவனும் நானே. அந்த விதியைக் காட்டி எத்தனை பேரை மட்டந்தட்டியிருப்பேன்!

அன்று காலை பருத்தித்துறைக் கரையில் படகை இறக்கியபோது, எஞ்சினைப் பின்பலகையோடு பிடித்து நிறுத்தும் திருகுகளை நான் இறுக்கவில்லை. மறந்துவிட்டேன். முதல் அலையிலேயே எஞ்சின் கழன்று விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். சின்ன எஞ்சின், தனியாகவே தூக்கி எடுத்தேன். துடைத்து வெயிலில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

எஞ்சினும் படகும் அக்காவின் கணவருடையவை. அத்தான் அன்று தகப்பனாருக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போயிருந்தார். நம்பித் தந்துவிட்டுப் போனார்.

சொல்லியிருக்கலாம் அல்லவா? ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கடலில் வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவன், திருகு இறுக்க மறந்தான் என்றால்... ஊருக்கு ஊர் இருந்து குழுவைப் பார்ப்பவர்கள் சிரிப்பார்களே!

எஞ்சின் உயிர் பெறவில்லை. குழுவில் கேள்வி எழுதினேன். என் விதிப்படியே எழுதினேன். மொடல், வயது, பெற்றோலில் ஒயில் கலந்த அளவு, ஸ்பார்க் பிளக்கின் நிறம், மூன்று படங்கள். கடைசியாக என்ன நடந்தது என்ற இடத்தில் மட்டும், “ஒன்றும் நடக்கவில்லை, நேற்று நன்றாக ஓடியது” என்று எழுதினேன். கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும் என்று கீழே பலர் பாராட்டியிருந்தார்கள்!

சாவகச்சேரியில் எஞ்சின் திருத்தும் தவம் அண்ணைதான் குழுவில் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவர். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, உள்ளுக்கை தண்ணி ஏதும் போனதோ?”

“இல்லை அண்ணை.”

அப்படியானால் பெற்றோல் பழுதாகியிருக்கும், தாங்கியைக் காலி செய்து, காபரேற்றரைத் துப்புரவாக்கி, பிளக்கைக் காயவைத்து, கயிற்றை இழுத்துப் பார் என்றார். மறுநாள் அப்படியே செய்தேன். எஞ்சின் பிடித்தது! பத்து நிமிடம் ஓடியது. பிறகு ஒரு கரகரப்போடு இறுகி நின்றுவிட்டது.

தவம் அண்ணை சொன்னபடி செய்தேன், இப்படியாகிவிட்டது என்று அத்தானிடம் சொன்னேன். குழுவிலும் எழுதினேன். அவ்வளவுதான், ஆட்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். அரைகுறை என்றார்கள். அடுத்தவனின் பிழைப்பைக் கெடுத்தவர் என்றார்கள். அந்த வரிகளை அழிக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது. ஒரு விரல் போதும். நான் அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் பஸ் ஏறி, திருத்து கருவிகள் கொண்ட பையோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். முற்றத்தில் சாக்கு விரித்து எஞ்சினைக் கழற்றினார். உள்ளே துருவும் வெள்ளை வெள்ளையாக உப்பும். உப்பை விரல் நுனியால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, என் முகத்தைப் பாராமலே கேட்டார்.

“தம்பி, இது கடலுக்கை விழுந்ததோ? விழுந்த உடனை நல்ல தண்ணியிலை கழுவி, பிளக்கைக் கழட்டி உள்ளை நிண்ட தண்ணியை எடுத்து, ஒயில் விட்டிருந்தால் தப்பியிருக்கும்.”

அத்தான் பக்கத்திலேயே நின்றார். எனக்குக் கிடைத்த கடைசித் தருணம் அது.

“இல்லை அண்ணை, விழேல்லை.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? கையைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் சொன்னார்: “நேரிலை பாக்காமல் சொன்னது என்ரை பிழைதான்.” அக்கா கொடுத்த தேநீரைத் தொடாமல் போனார். அன்றைக்கே குழுவைவிட்டும் போய்விட்டார்.

அத்தான் இன்று வேறொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். என்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது...

போன மாதம் முல்லைத்தீவிலிருந்து ஒருவர் குழுவில் எழுதினார். மொடல் இல்லை, படம் இல்லை, சொல்லுக்குச் சொல் எழுத்துப்பிழை. “எஞ்சின் கடலுக்கை விழுந்திட்டுது. நான்தான் ஒழுங்கா இறுக்கேல்லை. இப்ப என்ன செய்யிறது?”

முற்றத்தில் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் எஞ்சின் ஓடுகிறது என்று பதில் வந்தது. நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் யாரிடம் போவோம் அண்ணை என்று ஒருவர் எழுதினார்.

“இது தவம் அண்ணை சொன்னது” என்று எழுதத் தொடங்கினேன்... அழித்தேன். கைகூப்பும் படமொன்றைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.