அவர் கேட்ட தண்டனை

போன வருஷம் ஆடி மாதம். காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் என் மகனுக்குத் தண்டனை சொல்ல வேண்டிய நாள் அது.

பிள்ளையார்பாளையத்தில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். கணவர் இல்லை. ஒரே மகன், புடவைக் கடையில் வேலை பார்த்தான். ஒரு சாயங்காலம் நண்பர்களோடு குடித்துவிட்டு பைக்கில் வேகமாக வந்தவன், ஐயம்பேட்டை அருகே சாலையோரம் நடந்துபோன ஒரு பெண்மேல் மோதிவிட்டான். மருத்துவமனையில் வார்டு கூட்டித் துடைக்கும் வேலை அந்தப் பெண்ணுக்கு. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை, அதே மருத்துவமனைக்குத்தான் தூக்கிப் போனார்கள். பிழைக்கவில்லை.

மகன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். புதுச் சட்டத்தில் சிறைக்குப் பதிலாக சமூக சேவை செய்யச் சொல்லும் தண்டனை வந்திருக்கிறது என்று டி.வி.யில் கேட்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் வக்கீலிடம் ஓடினேன்.

"குடிச்சிட்டு தெருவுல ரகளை பண்ணியிருந்தா கேட்டுப் பாக்கலாம்மா. சின்னத் திருட்டுக்கும் உண்டு. இது உயிர் போன கேஸ். இதுக்குக் கிடையாது" என்றார்.

தண்டனை சொல்லும் நாளன்று, இறந்துபோன பெண்ணின் கணவரும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவர். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறீர்களா என்று நீதிபதி அவரைக் கேட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஐயா, இவன ஜெயில்ல போட்டா எனக்கு என்னா வரப்போவுது? எம் பொண்டாட்டி கூட்டிக்கினு இருந்த வார்டுல இவனக் கூட்டச் சொல்லுங்க. ரத்தம், வாந்தி எல்லாம் துடைக்கட்டும். தெனமும் அவ நெனப்பு வரணும் இவனுக்கு."

நீதிபதி, "நீங்க கேக்கறது புரியுது. ஆனா எந்தெந்தக் குற்றத்துக்கு அந்தத் தண்டனை தரலாம்னு சட்டமே சொல்லுது. உயிர் போன வழக்கு அதுல இல்ல. அதை மீற எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். சிறைத் தண்டனையை வாசித்தார்.

வெளியே வந்ததும் ஓடிப்போய் அந்த மனிதரின் காலில் விழுந்தேன். அவர் சட்டென்று பின்வாங்கினார்.

"எழுந்துரும்மா. உன் புள்ளைக்காக நான் கேக்கல. அவ என்னா பாடுபட்டான்னு ஒருத்தனாச்சும் தெரிஞ்சிக்கட்டும்னுதான் கேட்டேன்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

போலீஸ்காரர்கள் மகனை அந்த வழியாகத்தான் அழைத்துப் போனார்கள். அவர் முன்னால் அவன் நின்றுவிட்டான். "அந்த வேலைய நான் செஞ்சிருப்பேண்ணா" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார்.

தண்டனை முடிந்தால் என் மகன் வீட்டுக்கு வந்துவிடுவான். அவனுக்குச் சோறு போட நான் இருப்பேன். அந்த மனிதர் வீட்டுக்கு யாரும் திரும்பி வரப்போவதில்லை. அத்தனை துக்கத்திலும் அவர் வாய்திறந்து கேட்ட ஒன்றே ஒன்றைக்கூட யாராலும் கொடுக்க முடியாமல் போனதே என்பதுதான், மகன் சிறையில் இருப்பதைவிட என்னை இன்றும் அதிகமாக வாட்டுகிறது.