டயர் ஓரத்தில் சிவப்பாக ஏதோ

இன்று காலை எதிர் வீட்டில் புது கார் வந்து நின்றது.

ஆரத்தி சுற்றி, முன் டயர் ஓரமாக ஊற்றினார்கள். நான் மட்டும் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார் எதிர் வீட்டுக்காரர். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுபதுகள். காஞ்சிபுரம். என் தங்கை வசந்தாவின் கல்யாணம்.

சாப்பாடு முடிந்து பொண்ணு மாப்பிள்ளை திருப்புட்குழிக்குக் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் புறப்பட்டாக வேண்டும்.

கார், என் பெரியப்பா மகன் சபாபதி அண்ணனுடையது. எங்கள் தெருவின் முதல் கார். (செகண்ட் ஹேண்ட்தான். அவர் எதிரில் அதைச் சொல்லக்கூடாது.)

அவர் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை அன்று கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். காரில் வந்தார். என்னைப் பார்த்தார். கை ஆட்டினார். போய்விட்டார்.

பின் சீட்டில் இரண்டு வாழைத்தார்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

அந்தப் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்கவில்லை. பகலெல்லாம் மோட்டார் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் பேப்பர் படிப்பேன். அதனால் வண்டிக்கு அடியில் எது ஒழுகினாலும் எனக்குத் தெரியும். நடுவில் கறுப்பாகச் சொட்டினால் எஞ்சின் ஆயில். முன்னால் வெறும் தண்ணீர் என்றால் ரேடியேட்டர். சக்கரத்துக்கு உள்பக்கம் வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில், அந்த வண்டியைத் தொடக்கூடாது.

நான் டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தபோது, முன் டயர் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்த பிரேக் ஆயிலும் சிவப்புதான்.

"வசந்தா, ஏறாதே. பிரேக் ஆயில் ஒழுகுது."

சபாபதி அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வண்டி நல்லாத்தான்டா இருக்குது. நல்ல நேரத்துல இன்னாத்துக்கு அபசகுனமா பேசிக்கினு இருக்கிற?"

நான் புது வேட்டியோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். விரலால் தொட்டேன். முகர்ந்தேன்.

மஞ்சள் வாசனை.

மேலே சித்தியின் குரல்: "அது நான் ஊத்தின ஆரத்திப்பா. கோலத்துல கொட்ட வேணாம்னு டயர் ஓரமா ஊத்தினேன்."

கல்யாணக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். நாதஸ்வரக்காரர் மட்டும் மரியாதைக்குத் திரும்பி நின்று சிரித்தார்.

அத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது? முன்பக்கம் வெளியே வர மனமில்லாமல் பின்பக்கமாக ஊர்ந்தேன்.

பின் சக்கரத்தின் உள்பக்கத்தில் கை வைத்தேன். வழுக்கியது.

முகர்ந்தேன். மஞ்சள் இல்லை. சித்தி இங்கே வரவும் இல்லை.

"அண்ணே, ஏறி பிரேக்கை ஒருவாட்டி மிதிங்க."

சலித்துக்கொண்டே ஏறி மிதித்தார். மறுபடியும் மிதித்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "கால் தரை வரைக்கும் போவுதுடா," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வண்டிக்கு ஆள் அனுப்ப நேரம் இல்லை. எங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வசந்தாதான் மாலையை ஒதுக்கிக்கொண்டு தெருமுனையைப் பார்த்தாள்.

"அண்ணே, அதோ திருப்புட்குழி பஸ் வருது. கை காட்டு."

காட்டினேன். நின்றது. கண்டக்டர் முன் சீட்டு ஆட்களை எழுப்பி, "பொண்ணு மாப்பிள்ளை வராங்கப்பா, வழி வுடுங்க," என்றார். எங்கள் கூட்டம் பாதி உள்ளே ஏறியது. நாதஸ்வரக்காரர் படியில் நின்றே வாசித்தார். ராகு காலத்துக்கு முன்னால் பஸ் நகர்ந்தது, ஊரே பார்க்க.

அம்மா எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

சபாபதி அண்ணன் கடைசியாக ஏறினார். உட்கார இடமில்லை. என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

என் மடியில் சீர் வாழைத்தார் இருந்தது.

நான் கை ஆட்டினேன்.