ஆறாவது வேட்டு

அப்போது உசிலம்பட்டிக்கு மேற்கே கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். மழையை நம்பிய பூமி. முப்பது அடிக்குக் கீழே கரும்பாறைதான். கிணற்றுக்குச் சொந்தக்காரரான அந்தக் காட்டுக்காரர் கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளத் தினமும் சுட்ட கருவாடு தருவார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

எங்கள் மேஸ்திரியையும் சேர்த்து எட்டுப் பேர். பகலெல்லாம் பாறையில் குழி போடுவோம். பொழுது சாயும்போது அதில் வெடிமருந்து கெட்டித்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஓடிவந்து மறைவில் படுப்போம். வெடிக்கிற வேட்டுகளை மேஸ்திரி எண்ணுவார். வைத்தது எல்லாம் வெடித்துவிட்டது என்று அவர் சொன்னால்தான் இறங்கலாம். வெடிக்காத மருந்து ஒன்று கிடந்து, அதில் கடப்பாரை பட்டால் ஆள் மிஞ்சமாட்டான்.

அன்றைக்கு ஆறு வேட்டு. என் காதில் விழுந்தது ஐந்துதான்.

"ஆறும் ஆச்சு, எறங்குங்கடா" என்றார் மேஸ்திரி.

இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. என் பெண்சாதியின் தம்பி கயிற்றைப் பிடித்து ஒரு காலைக் கிணற்றுக்குள் வைத்துவிட்டான். வைத்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஏலே, மேல ஏறு" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குக் காது கேக்கலடா. ரெண்டு வருசமாச்சு. தரை அதிர்றத வச்சுத்தான் எண்ணிக்கிட்டு வாரேன். இப்ப அந்தப் பக்கமா கல்லு வண்டி போச்சுல்ல, அதையும் சேத்து எண்ணிப்புட்டேனோ என்னமோ. நீங்க எம்புட்டு கேட்டீங்க?"

அவர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சுண்ணே" என்றேன். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

"அப்ப ஏண்டா வாயத் தொறக்கல?"

"நீங்க ஆறுன்னீங்களேண்ணே."

"நான் சொன்னா உசுர விட்ருவீங்களோ? கூறு கெட்ட பயலுகளா!"

ராத்திரி யாரும் இறங்கவில்லை. மறுநாள் குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பார்த்தோம். ஒரு குழியில் மருந்து அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் கூழ் குடிக்கும்போது மச்சினன் தானாகவே வாயைத் திறந்தான். "அண்ணே, எனக்கு ஒரு மாசமா கீழ எறங்குனா தலை கிறுகிறுன்னு வருது. சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவீகன்னு சொல்லல."

"நல்லா வந்து சேந்தோமப்பா, செவிடனும் கிறுக்கனும்" என்று சிரித்தார் மேஸ்திரி. அவனை மேலே மண் இழுக்கிற வேலைக்கு மாற்றினார். அதன் பிறகு எட்டுப் பேரும் விரலை மடக்கி எண்ணினோம். ஒருவன் கணக்கு இடித்தாலும் அன்றைக்கு இறக்கம் கிடையாது.

சங்கதி வெளியே போகாமல் இருக்குமா? அடுத்து நாங்கள் வெட்டவேண்டிய கிணற்றுக்காரர் எங்களிடம் வந்து, "செவிட்டு மேஸ்திரிய வச்சா வேட்டுப் போடுறீக? வேற ஆளு பாக்குறேன்" என்றார்.

"அவருக்குக் கேக்காது, எங்களுக்குக் கேக்கும்" என்றான் மச்சினன். "அவரு இல்லாத கிணத்துல நாங்க எறங்க மாட்டோம். வேற ஆளப் பாத்துக்கங்க."

அவர் நான்கு நாள் வேறு ஆள் தேடிப் பார்த்தார். ஐந்தாம் நாள் எங்கள் எட்டுப் பேருக்கும் வண்டி அனுப்பினார்.