விழுகிற சத்தம் வரும்வரை

கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு வாவிக்கரையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். அலைக்குள் உப்புத்தண்ணீர் குடித்த என் நெஞ்சு அதற்குப் பிறகு பாதி மூச்சுக்கு மேல் வாங்க மறுத்தது. டொக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். அப்படியென்றால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் புருசன் விடுவாரா? பழைய யோக நூல் ஒன்றை இரவல் வாங்கிவந்து, விடியற்காலையில் வாவியைப் பார்க்கப் பாய் விரித்து என்னை இருத்திவிட்டார்.

"இழு. மறுகா நிறுத்து. மறுகா மெல்ல விடு."

இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். மணிக்கூடு கூடாதாம். உள்ளங்கையால் முழங்காலை ஒருதரம் சுற்றி விரலைச் சொடுக்கினால் அது ஒரு மாத்திரை. வாவியின் மேல் பனி கிடக்கும். தோணி ஒன்று சத்தமில்லாமல் போகும். அது தோணிதானா, கனவின் மிச்சமா என்று தெரியாமல் முழங்காலைச் சுற்றியபடி மிதப்பேன். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு சண்டை மூண்டு ஷெல்லடி தொடங்கியது. நகரத்துப் பக்கமிருந்து ஆமி அடிக்கிற ஷெல் வாவியைத் தாண்டி அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போகும். அங்கே வவுணதீவில் என் தங்கச்சி, வயலையும் மாட்டையும் விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். போகிற சத்தம் கேட்டதும் என் மூச்சு தானாக நின்றுவிடும். தெருவே அப்படித்தான். வாய்க்குப் போன தேத்தண்ணிக் கோப்பை பாதியில் நிற்கும். அக்கரையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவோம். விழுந்தது அவள் வளவிலா என்று தெரியாமலே விடுவேன். பாழாய்ப்போன மூச்சு!

ஒருநாள் இவர் நூலை விரித்து வைத்துக்கொண்டு, "கடைசிக் கும்பகம் தானா வாறதாம். இழுக்கிறதுமில்ல, விடுறதுமில்ல. ஞானிகளுக்குத்தான் வாய்க்குமாம்" என்றார்.

"அப்ப இந்தத் தெருவில எல்லாரும் ஞானிதான்."

"அது பயம்கா. இது வேற."

"என்ன வேற? உங்கட பொத்தகத்துக்கு ஷெல் எண்டா என்னெண்டு தெரியுமா?"

எனக்குப் பொல்லாத கோபம். அவர் நூலை மூடிவிட்டு, என் முழங்காலைத் தானே சுற்றிச் சொடுக்கினார். மனிசன் நல்லவர்தான்.

எங்கள் மாவட்டத்தில் சண்டை ஓய்ந்ததும் தங்கச்சி வலையிறவுப் பாலத்தால் ஒற்றைப் பையோடு வந்தாள். உயிரோடு வந்தாள். கட்டிப்பிடித்துக் கத்தி அழுதேன். எங்களோடேயே இருந்துவிட்டாள். காலையில் அவளுக்கும் ஒரு பாய் விரித்தோம்.

போர் முழுதாக முடிந்த பிறகு வந்த கோயில் திருவிழாவில், ஒரு விடியற்காலை வெடி போட்டார்கள். என் மூச்சு நின்றது. இவர் சொடுக்கப்போன விரலும் நின்றது. இருவரும் விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தோம். தங்கச்சி காத்திருக்கவில்லை. என்னைப் பாயில் தள்ளி, மேலே குப்புற விழுந்து, இரண்டு கையாலும் என் தலையை மூடினாள்.

நான் இக்கரையில் மூச்சு விட்ட நேரமெல்லாம் அவள் அங்கே இப்படித்தான் கிடந்திருக்கிறாள்! நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவள் நெஞ்சோ என் முதுகில் அசையவேயில்லை.

"கோயில் வெடிடி. மூச்ச விடு" என்றேன்.

"நீங்க விடுங்க அக்கா" என்றாள் என் காதுக்குள். "நான் பொறகு விடுறன்."